நம் வீட்டுப் படைவீரர்களின் குரல்

(சங்கத்தின் பொன்விழாக் கருத்தரங்கில் வரலாற்றுப் பதிவுக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)

 

பொன்விழா மலருக்காகச் சங்கத்தின் பழைய ஏடுகளைப் புரட்டிப் பார்க்கும் பணியைச் செயற்குழு இரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்களிடம் ஒப்படைத்தது. 1946ஆம் ஆண்டின் முதல் கூட்டக் குறிப்பேடு, கறையான் தின்றது போக, இன்னும் நம்மிடம் இருக்கிறது. அதில் சந்தா எவ்வளவு என்பது இருக்கிறது. ஜனாஸா நிதிக்கு யார் எத்தனை வெள்ளி கொடுத்தார்கள் என்பது இருக்கிறது. வாடகைக்கு எடுத்த நாற்காலிகளின் கணக்கும் தேத்தண்ணிச் செலவும்கூட இருக்கின்றன. கீழே கையொப்பங்கள் வரிசையாக இருக்கின்றன.

ஆனால், அந்தக் கையொப்பக்காரர்கள் அதற்கு முந்தைய ஆண்டு எங்கே இருந்தார்கள் என்பதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. 1946 என்றால் போர் முடிந்து ஓராண்டுகூட நிறையாத காலம். அவர்களில் சிலர் பர்மாவிலிருந்து நடந்து திரும்பியவர்கள். சிலர் கைதி முகாம்களிலிருந்து விடுவிக்கப்பட்டவர்கள். நாற்காலிக் கணக்கை எழுதி வைத்தவர்கள், தாங்கள் துப்பாக்கி ஏந்திய கதையை எழுதி வைக்கவில்லை. எழுதாமல் விட்டதற்குக் காரணம் இருந்தது. அந்தக் காரணத்தையும், அதைத் தெரிந்துகொள்ள நாங்கள் பட்ட பாட்டையும், இனி நாம் எல்லாரும் சேர்ந்து செய்ய வேண்டியதையும் பற்றியே இங்கே பேச வந்திருக்கிறோம்.

வாய்மொழி வரலாறு என்பது புதிய சொல்லாகத் தோன்றலாம். விஷயம் புதிதல்ல. யார் சொன்னார், அவர் யாரிடம் கேட்டார் என்று விசாரிப்பது நமக்குப் பழக்கமானதுதான். ஒலிப்பதிவுக் கருவியோடு உட்கார்ந்து, ஒருவரின் வாழ்க்கையை அவர் வாயாலேயே சொல்ல வைத்துப் பாதுகாக்கும் முறை இருபதாம் நூற்றாண்டில் வளர்ந்தது. அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1948இல் இதற்கென ஓர் அலுவலகம் தொடங்கினார்கள். லண்டனிலுள்ள இம்பீரியல் போர் அரும்பொருளகம் 1972இல் ஒலிக்காப்பகம் ஒன்றை அமைத்து, தளபதிகளை மட்டுமல்லாமல் சாதாரணச் சிப்பாய்களையும் பேச வைத்தது.

நம் நாட்டில் 1979இல் அரசாங்கம் வாய்மொழி வரலாற்றுப் பிரிவைத் தொடங்கியது. 1981இல் அந்தப் பிரிவு ஜப்பானியர் ஆட்சிக் காலத்தைப் பற்றிய நேர்காணல்களை எடுக்கத் தொடங்கியது. அதற்குத் தெளிவான தேவை இருந்தது. அந்த மூன்றரை ஆண்டுகளைப் பற்றிய அரசாங்கத் தாள்கள் மிகக் குறைவாகவே மிஞ்சியிருக்கின்றன. மனிதர்களிடம் கேட்டால்தான் உண்டு. ஆங்கிலத்திலும் சீன மொழியிலும் மட்டுமல்லாமல் மலாயிலும் தமிழிலும் அங்கே நேர்காணல்கள் பதிவாகின்றன. ஆனால் அரசாங்கக் காப்பகம் நம் வீட்டுக் கதவு ஒவ்வொன்றையும் தட்ட முடியாது. நம் பெரியவர்களில் யார் யாரிடம் என்ன கதை இருக்கிறது என்பது நமக்குத்தான் தெரியும். சில வீடுகளில் நமக்கே தெரியாது.

நம் மக்களுக்கும் அந்தப் போருக்கும் என்ன தொடர்பு என்று இளையோர் கேட்கலாம். சுருக்கமாகச் சொல்கிறோம். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூரில் பிரிட்டிஷ் படை சரணடைந்தது. இரண்டு நாள் கழித்து, ஏறத்தாழ 45,000 இந்தியப் படைவீரர்கள் ஃபேரர் பார்க் திடலில் திரட்டப்பட்டார்கள். பிரிட்டிஷ் அதிகாரி கர்னல் ஹன்ட் அவர்களை ஜப்பானியரிடம் ஒப்படைத்தார். மேஜர் ஃபுஜிவாரா பேசினார். பிறகு கேப்டன் மோகன் சிங் பேசி, இந்திய விடுதலைக்கான படையில் சேரும்படி அழைத்தார். அப்படித்தான் இந்திய தேசிய ராணுவம் பிறந்தது. அந்த ஆண்டின் இறுதியில் அது கலைந்தது. 1943 ஜூலையில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்து அதற்கு மறுபடி உயிர் கொடுத்தார். ஜூலை 4 அன்று கேத்தே கட்டடத்தில் தலைமையை ஏற்றார். மறுநாள் படாங் திடலில் படையைப் பார்வையிட்டார். அதன்பிறகு படைவீரர் அல்லாதவர்களும் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். மலாயாத் தோட்டத் தொழிலாளர்களும் கடைச் சிப்பந்திகளும் கூலி வேலை செய்தவர்களுமாக, அவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள்.

அந்தத் தற்காலிக அரசில் நம் சமுதாயத்தைச் சேர்ந்த கரீம் கனி அவர்கள் ஆலோசகராக இருந்தார். நேதாஜியோடு நீர்மூழ்கிக் கப்பலில் வந்த ஆபித் ஹசனை எல்லாருக்கும் தெரியும். செங்கோட்டை விசாரணையில் நின்ற ஷா நவாஸ் கானைப் பற்றிப் புத்தகங்கள் இருக்கின்றன. தலைவர்களைப் புத்தகங்கள் பார்த்துக்கொள்ளும். லாரி ஓட்டியவர், சோறாக்கியவர், காயம்பட்டவரைத் தோளில் சுமந்தவர் ஆகியோரை யார் பார்த்துக்கொள்வது? அந்த வேலைதான் நம்முடையது.

எங்கள் முதல் நேர்காணலைப் பற்றிச் சொல்கிறோம். அதில் நாங்கள் தவறு செய்தோம். அதை மறைக்காமல் சொன்னால் உங்களுக்குப் பயன்படும்.

நம் உறுப்பினர் ஒருவர், அப்போது வயது 74. 1943இல் சந்தைக் கடையில் வேலை செய்துகொண்டிருந்தவர், இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து பர்மாவுக்குப் போனவர். எங்களில் நான்கு பேர் அவர் வீட்டுக்குப் போனோம். நல்ல சட்டை போட்டுக்கொண்டு, தொப்பியும் வைத்துக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தார். ஒலிநாடாவை ஓடவிட்டு, “நேதாஜியை நேரில் பார்த்தீர்களா? அப்போது உங்கள் மனம் எப்படி இருந்தது? அவர் பேச்சு உங்களை எழுச்சி கொள்ளச் செய்ததா?” என்று கேட்டோம். நாங்கள் மேடைத் தமிழில் கேட்டோம். அவரும் மேடைத் தமிழில் பதில் சொன்னார். நாங்கள் ஏற்கெனவே புத்தகத்தில் படித்ததையே நாற்பது நிமிடம் திரும்பச் சொன்னார். ஒலிநாடாவின் ஒரு பக்கம் முடிந்தது. கருவியை நிறுத்தினோம். தேத்தண்ணி வந்தது.

அப்போது உள்ளே இருந்து அவர் மனைவி, “அந்தச் சப்பாத்துக் கதையைச் சொல்லலையே?” என்றார். பெரியவர் சிரித்துவிட்டுச் சொல்லத் தொடங்கினார். அவருக்குக் கொடுத்த சப்பாத்து மிகப் பெரியதாம். துணியை உருட்டி உள்ளே திணித்துத்தான் நடந்தாராம். 1945இல் படை பின்வாங்கியபோது அடித்தோல் பிய்ந்துவிட்டது. மழை, சேறு, கால் முழுவதும் புண். “நீங்க போங்க, நான் இங்கேயே கிடக்குறேன்” என்று உட்கார்ந்துவிட்டாராம். உடன் வந்த சீக்கியர் ஒருவர் எதுவும் பேசாமல் தன் தலைப்பாகைத் துணியில் நீளமாகக் கிழித்து, சப்பாத்தையும் காலையும் சேர்த்துக் கட்டி, எழுப்பி நடக்க வைத்தாராம். “தலைப்பாகை அவங்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம்னு உங்களுக்குத் தெரியும்ல?” என்று எங்களைக் கேட்டார். அந்த நண்பரின் பெயரையும் ஊரையும் சொன்னார்.

நாங்கள் வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தோம். கருவி அணைந்தே கிடந்தது. தேத்தண்ணி குடித்து முடித்து, நாடாவைத் திருப்பிப் போட்டு, “அதை மறுபடி சொல்லுங்கள்” என்றபோது அவர், “அதான் சொல்லிட்டேனே தம்பி. இன்னும் எதுக்கு?” என்றார். அன்று எவ்வளவு கெஞ்சியும் சொல்லவில்லை. மூன்று மாதம் கழித்து மறுபடி போனோம். இந்த முறை மேடைக் கேள்விகளைக் கொண்டுபோகவில்லை. “முகாமில் எத்தனை மணிக்கு எழுப்புவார்கள்? பசியாறுவதற்கு என்ன கொடுப்பார்கள்?” என்று தொடங்கினோம். இரண்டு மணி நேரம் பேசினார். சப்பாத்துக் கதையும் வந்தது. ஆனால் அந்த நண்பரின் பெயர் வரவில்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, “பேரு வாயில நிக்குது, வர மாட்டேங்குது” என்றார். எங்களில் யாருக்கும் நினைவில்லை. முதல் நாள் நான்கு பேர் காதில் விழுந்த பெயர். ஒருவர்கூட எழுதிக்கொள்ளவில்லை.

அந்தச் சீக்கியர் உயிரோடு ஊர் திரும்பினாரா என்பது தெரியாது. அவர் செய்த உதவிக்கு உலகத்திலிருந்த ஒரே சாட்சி நம் பெரியவரின் நினைவு. அதிலிருந்து பெயர் நழுவிப்போன நேரத்தில் நாங்கள் பக்கத்தில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். அந்தக் குற்ற உணர்வுதான் இன்றுவரை எங்களை வீடு வீடாக நடக்க வைக்கிறது.

ஏன் எழுதி வைக்கவில்லை என்ற காரணத்தையும் அவரே சொன்னார். போர் முடிந்து பிரிட்டிஷ்காரர்கள் திரும்பி வந்தபோது பிடித்துப் போவார்களோ என்ற அச்சம். தொப்பி, முகாம் அட்டை, ஒரே ஒரு புகைப்படம் எல்லாவற்றையும் அவருடைய பெரியத்தா வாங்கி அடுப்பில் போட்டுவிட்டாராம். அந்தக் காலத்தை நினைத்துப் பாருங்கள். எஸ்பிளனேடில் 1945 ஜூலையில் அடிக்கல் நாட்டி எழுப்பப்பட்ட இந்திய தேசிய ராணுவ நினைவுச்சின்னத்தையே பிரிட்டிஷ் படை செப்டம்பரில் தகர்த்துவிட்டது. கல்லுக்கே அந்தக் கதி என்றால் காகிதம் எம்மாத்திரம்? அந்த இடத்தில் ஓர் அடையாளப் பலகை வைக்க 1995 வரை ஐம்பது ஆண்டுகள் ஆயின. நம் வீடுகளில் அடுப்பில் போன காகிதங்களுக்குப் பலகை வைக்க முடியாது. அவற்றுக்குப் பதிலாக மிஞ்சியிருப்பது குரல் மட்டும்தான்.

அடுத்ததாக ஒன்றைச் சொல்ல வேண்டும். இது எங்கள் குழுவுக்குள்ளேயே கருத்து வேறுபாட்டை உண்டாக்கிய விஷயம். சம்பந்தப்பட்ட இருவரும் எந்த அளவுக்குச் சொல்லலாம் என்று அனுமதித்தார்களோ அந்த அளவுக்கே சொல்கிறோம். பெயர் சொல்ல மாட்டோம். யாரென்று தெரிந்தாலும் தயவுசெய்து தெரியாதவர்கள் போலவே இருங்கள்.

நம் சங்கத்தில் இரண்டு பெரியவர்கள். இருவரும் பிரிட்டிஷ் இந்தியப் படையில் வண்டி ஓட்டியவர்கள். இருவரும் ஒரே நாளில் ஃபேரர் பார்க் திடலில் நின்றவர்கள். ஒருவர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார். மற்றவர் மறுத்துவிட்டார். மறுத்தவரை ஜப்பானியர் மற்றக் கைதிகளோடு கப்பலில் ஏற்றி நியூகினித் தீவுக்கு அனுப்பினார்கள். ஆஸ்திரேலியப் படை வந்த பிறகே அவருக்கு விடுதலை கிடைத்தது. போருக்குப் பின் இருவரும் சிங்கப்பூரிலேயே தங்கி, நம் சங்கத்தில் சேர்ந்து, ஐம்பது ஆண்டுகளாக ஒரே வரிசையில் உட்கார்ந்து வருகிறார்கள். ஒருவர் வீட்டுத் திருமணத்தில் மற்றவர் பந்தி பரிமாறியிருக்கிறார். ஆனால் போரைப் பற்றி இருவரும் ஒரு சொல்லும் பேசிக்கொண்டதில்லை.

இந்த இருவரையும் பதிவு செய்யப் போகிறோம் என்றதும் மூத்த உறுப்பினர்கள் சிலர், “சும்மா இருக்கிற பாம்பை ஏன் கிளறுகிறீர்கள்? இந்த அமைதியால்தான் சங்கம் இத்தனை காலம் உடையாமல் இருக்கிறது” என்றார்கள். அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. நாங்கள் யோசித்தோம். அவர்களை ஒன்றாக உட்கார வைத்து வாதம் செய்யச் சொல்வது எங்கள் நோக்கமல்ல. தனித்தனியாக, அவரவர் வீட்டில், அவரவர் விரும்பினால் மட்டும் கேட்பது என்று முடிவு செய்தோம். இருவரும் சம்மதித்தார்கள். இருவருமே முதலில் கேட்டது ஒரே கேள்வி: “அவர் சம்மதிச்சுட்டாரா?”

சேர்ந்தவர் திடலில் முன் வரிசைகளில் இருந்தவர். மோகன் சிங் பேசிய ஒவ்வொரு சொல்லும் காதில் விழுந்தது என்கிறார். எல்லாரும் கையை உயர்த்தி ஆரவாரம் செய்தார்கள் என்கிறார். மறுத்தவர் பின்வரிசையில் நின்றவர். “எங்களுக்கு ஒண்ணும் கேக்கல. முன்னாடி உள்ளவங்க கையத் தூக்குனாங்க. எதுக்குன்னு தெரியாம நாங்களும் தூக்குனோம்” என்கிறார். ஒரே திடல், ஒரே நாள். ஒன்றைச் சரியென்று வைத்துக்கொண்டு மற்றதை அழிக்க வேண்டுமா? இல்லை. ஒருவர் நின்ற இடத்திலிருந்து கேட்டது மற்றவர் நின்ற இடத்திலிருந்து கேட்கவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டால்தான் அந்தத் திடல் எவ்வளவு பெரியது என்பதே நமக்குப் புரிகிறது.

ஏன் சேர்ந்தீர்கள் என்று கேட்டோம். நாட்டுப்பற்று என்று சொல்வார் என எதிர்பார்த்தோம். அதையும் சொன்னார். ஆனால் முதலில் சொன்னது, “பசி தம்பி. அதோட, நடந்தே ஊருக்குப் போயிடலாம்னு ஒரு நெனப்பு. உம்மாவைப் பார்க்கணும்.” ஏன் மறுத்தீர்கள் என்று மற்றவரைக் கேட்டோம். “வெள்ளைக்காரன் மேல ஆசை இல்ல. ஒருத்தன் உப்பைத் தின்னுட்டு வாக்குக் கொடுத்தாச்சு. அதை மாத்துறது எனக்கு வரல. மாத்துனவனைக் குறை சொல்லவும் எனக்கு உரிமை இல்ல. அவனவன் வயித்துக்கு அவனவன்தான் கணக்கு” என்றார்.

ஒரு மாதம் கழித்து, மறுத்தவர் எங்களைக் கூப்பிட்டு, நண்பரின் பதிவைக் கேட்கலாமா என்று விசாரித்தார். நண்பரிடம் அனுமதி வாங்கினோம். கருவியை எடுத்துப்போய் அவர் வீட்டில் போட்டுக் கொடுத்துவிட்டு, வெளியே தாழ்வாரத்தில் காத்திருந்தோம். முடிந்ததும் அவரே கதவைத் திறந்தார். “பசியைப் பத்திச் சொன்னானே, அது உண்மை. இத்தனை வருஷம் என்கிட்ட அதை அவன் சொன்னதே இல்ல” என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. இருவரும் இப்போதும் பழைய மாதிரியே ஒரே வரிசையில் உட்காருகிறார்கள். போரைப் பற்றி இப்போதும் பேசிக்கொள்வதில்லை என்றே நினைக்கிறோம். ஆனால் பாம்பு கிளம்பவில்லை. சங்கமும் உடையவில்லை. அமைதி காப்பதும் மறந்துபோவதும் ஒன்றல்ல என்று அந்த இருவரிடமிருந்துதான் நாங்கள் கற்றுக்கொண்டோம்.

படைவீரரின் கதை அவரோடு முடிவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். போர்க்காலத்தில் இங்கிருந்து இந்தியாவுக்குக் கடிதமும் போகவில்லை, பணமும் போகவில்லை. மூன்றரை ஆண்டுகள். கணவர் உயிரோடு இருக்கிறாரா என்று தெரியாமல் ஊரில் காத்திருந்த ஒரு தாயைப் பேட்டி கண்டோம். “எனக்கு என்ன தெரியும், அவங்கதானே சண்டைக்குப் போனாங்க” என்று தயங்கினார். தபால்காரர் எத்தனை மணிக்கு வருவார் என்று மட்டும் கேட்டோம். தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போது மாமியார் எழுந்து உள்ளே போய்விடுவாராம். தன் மகனுக்குக் கடிதம் இல்லை என்பதை மருமகள் முகத்தில் பார்க்க வேண்டாம் என்றுதான் அப்படிச் செய்தார் என்று பின்னால் புரிந்ததாம். இதைச் சொல்லிவிட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தார். நாங்களும் பேசவில்லை. அந்த மௌனமும் நாடாவில் இருக்கிறது. அதை வெட்டவில்லை.

இதெல்லாம் பாட்டனார் காலத்துக் கதை, எங்களுக்கு என்ன என்று நடுத்தர வயதினர் நினைக்கக்கூடும். 1967ஐ நினைவுபடுத்துகிறோம். அந்த ஆண்டு மார்ச்சில் தேசிய சேவைச் சட்டத்திருத்தம் நிறைவேறியது. ஆகஸ்ட் 17 அன்று முழுநேரச் சேவைக்கான முதல் அணியினர், 900 பேர், முகாமுக்குச் சென்றார்கள். சமூக நிலையங்களில் வழியனுப்பு விருந்துகள் நடந்தன. தொடக்க ஆண்டுகளில் சேர்ந்தவர்களில் நம் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. ஒருவரைக் கேட்டோம். “நான் சண்டை எதுவும் போடலையே. என்கிட்ட என்ன கதை இருக்கு?” என்றார். ஒன்றரை மணி நேரம் பேசினார்.

தலைமுடி வெட்டியதும் தன்னைத் தனக்கே அடையாளம் தெரியாமல் போனதைச் சொன்னார். மலாய் மொழியில் அணிவகுப்புக் கட்டளை கேட்டதும் உடம்பு தானாக நிமிர்வதைச் சொன்னார். அதுவரை சீன நண்பர் ஒருவர்கூட இல்லாதவர், கட்டிலுக்கு மேல் கட்டிலில் படுத்தவரின் வீட்டுக்குச் சீனப் புத்தாண்டுக்குப் போனதைச் சொன்னார். எல்லாவற்றிலும் முக்கியமானது அவருடைய அத்தாவைப் பற்றியது. ஜப்பான்காரர் காலத்தைப் பார்த்த அத்தா, மகன் படையில் சேரக் கடிதம் வந்த அன்று இரவு முழுவதும் தூங்கவில்லை. காலையில் மகனின் சப்பாத்தைக் கையில் எடுத்து, உள்ளே விரலைவிட்டு அளந்து பார்த்து, “இறுக்கமா இருக்குதா, தளர்வா இருக்குதா?” என்று இரண்டு முறை கேட்டாராம். ஏன் அப்படிக் கேட்டார் என்பது மகனுக்கு இன்றுவரை புரியவில்லை.

எங்களுக்குப் புரிந்தது. அந்த அத்தா யார் என்பதை நீங்களும் இப்போது ஊகித்திருப்பீர்கள். தகப்பனின் நாடாவைத் தகப்பனின் அனுமதியோடு மகனிடம் கொடுத்தோம். இருபத்தொன்பது ஆண்டுகள் ஒரே வீட்டில் இருந்த கேள்வியும் பதிலும் அன்றுதான் சந்தித்தன.

இனி, உங்கள் வீட்டில் நீங்களே இதை எப்படிச் செய்யலாம் என்று சொல்கிறோம். பெரிய செலவு எதுவும் இல்லை. ஒலிப்பதிவுக் கருவி சங்கத்தில் இருக்கிறது, இரவல் தருவோம்.

ஒலிநாடா அறுபது நிமிட நாடாவாக இருக்கட்டும். நீளமான நாடாக்கள் மெல்லியவை, எளிதில் சிக்கி அறுந்துபோகும். பதிவு தொடங்கும் முன் மின்விசிறியை நிறுத்துங்கள், தொலைக்காட்சியை அணையுங்கள். புளோக்குக் கீழே பிள்ளைகள் பந்து விளையாடும் நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள். முதலில் தேதி, இடம், பேசுபவர் பெயர், கேட்பவர் பெயர் ஆகியவற்றை நாடாவிலேயே சொல்லுங்கள். இன்று யார் குரல் என்று உங்களுக்குத் தெரியும். முப்பது ஆண்டு கழித்துக் கேட்பவருக்குத் தெரியாது.

ஒரு நேரத்தில் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள். ஆம், இல்லை என்று முடிந்துபோகும் கேள்விகளை விட்டுவிடுங்கள். ‘பயமாக இருந்ததா?’ என்று கேட்காதீர்கள். ‘அன்று இரவு எங்கே படுத்தீர்கள், பக்கத்தில் யார் இருந்தார்கள்?’ என்று கேளுங்கள். பயம் தானாக வரும். தேதி தவறாகச் சொன்னால் திருத்தாதீர்கள். தேதி புத்தகத்தில் கிடைக்கும். அவர் கண்ட காட்சி அவரிடம் மட்டும்தான் கிடைக்கும். அவர் மௌனமானால் பத்து வரை மனத்துக்குள் எண்ணுங்கள். அநேகமாக எட்டில் பேசத் தொடங்கிவிடுவார். பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துக்கொடுக்கும் பிள்ளைகளைச் சற்று அப்பால் இருக்கச் சொல்லுங்கள். ஆனால் தேத்தண்ணி கொண்டுவருபவர் ஏதாவது சொன்னால் கவனமாகக் கேளுங்கள். தேத்தண்ணி குடிக்கும்போது கருவியை நிறுத்தாதீர்கள்!

அழுகை வந்தால் நிறுத்தலாமா என்று அவரிடமே கேளுங்கள். சொல்ல விரும்பாததைத் தோண்டாதீர்கள். கடைசியில், இந்தப் பதிவை யார் கேட்கலாம், எப்போது கேட்கலாம், எந்தப் பகுதியைக் காலத்துக்குப் பின்தான் வெளியிட வேண்டும் என்று அவரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த வாக்கை மீறாதீர்கள். ஒரு வீட்டில் மீறினால் மறுவீட்டுக் கதவு திறக்காது.

பதிவு முடிந்ததும் நாடாவின் விளிம்பிலுள்ள இரண்டு சிறு தகடுகளையும் உடைத்துவிடுங்கள். இல்லையென்றால் யாராவது அதன்மேல் பாட்டுப் பதிவு செய்துவிடுவார்கள். எங்களுக்கு ஒரு வீட்டில் அப்படி நடந்தது. உடனே ஒரு பிரதி எடுத்து வேறொரு வீட்டில் வையுங்கள். ஒலிபெருக்கிப் பெட்டியின் மேலும் தொலைக்காட்சியின் மேலும் வைக்காதீர்கள், அவற்றின் காந்தம் பதிவைக் கெடுக்கும். நம் ஊர் ஈரக்காற்றில் பூஞ்சை பிடிக்கும். பிஸ்கட் தகரத்தில் போட்டு மறந்துவிடாதீர்கள். பிறகு, எந்த நிமிடத்தில் என்ன பேசினார் என்று ஒரு தாளில் குறித்து நாடாவோடு வையுங்கள். எழுத்தில் வடிக்கும்போது அவர் பேசியபடியே எழுதுங்கள். ‘வந்தாஹ’ என்றால் ‘வந்தாஹ’ என்றே இருக்கட்டும். அவர் ஊரும் அவர் உம்மாவும் அந்தச் சொல்லில் இருக்கிறார்கள்.

பேசியவர் சம்மதித்தால் ஒரு பிரதியைத் தேசிய ஆவணக் காப்பகத்துக்குக் கொடுக்க முன்வருவோம். நம் கதை நம் அலமாரியில் மட்டும் இருக்க வேண்டியதில்லை. அது இந்த நாட்டின் கதையும்தான்.

அன்பர்களே, இந்த இரண்டு ஆண்டுகளில் பேச ஒப்புக்கொண்ட பெரியவர்களில் சிலர், நாங்கள் போவதற்கு முன்பே நம்மைவிட்டுப் போய்விட்டார்கள். ‘அடுத்த வாரம் வாங்க’ என்றவரின் வீட்டுக்கு அடுத்த வாரம் ஜனாஸாவுக்குப் போனோம். போரில் இருந்த தலைமுறையில் மிக இளையவரும் மிக முதிய வயதை எட்டிவிட்டார். நம் சங்கம் அறுபதாம் ஆண்டு விழா கொண்டாடும்போது இந்த வேலையைத் தொடங்கலாம் என்று இருந்தால், கருவி இருக்கும், நாடா இருக்கும், கேள்விகளும் இருக்கும். பதில் சொல்ல ஆள் இருக்க மாட்டார்.

ஆகவே எங்கள் வேண்டுகோள் ஒன்றே ஒன்று. இந்த மலரைக் கையில் வாங்கும் ஒவ்வொரு குடும்பமும் இந்தப் பொன்விழா ஆண்டு முடிவதற்குள் ஒரே ஒரு நாடா பதிவு செய்யுங்கள். வாப்பாவாக இருக்கலாம், நன்னாவாக இருக்கலாம், முகாமிலிருந்து வார இறுதிக்கு வீடு வரும் பிள்ளையாக இருக்கலாம், அவர்களுக்காகக் காத்திருந்த தாயாக இருக்கலாம். பெரிய கேள்வி எதுவும் வேண்டாம். “அப்போ காலுக்கு என்ன போட்டிருந்தீங்க?” என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள்.

அந்தச் சீக்கிய நண்பரின் பெயரை நாங்கள் இன்னும் தேடுகிறோம். நம் பெரியவருக்கு என்றாவது ஒரு நாள் நினைவு வரும் என்று அவர் மகன், அத்தாவின் கட்டிலருகே ஒரு சிறு குறிப்பேடும் பென்சிலும் வைத்திருக்கிறார். இன்ஷா அல்லாஹ், அந்தப் பெயர் கிடைத்தால் அடுத்த மலரின் முதல் பக்கத்தில் அதை அச்சிடுவோம்.